கடைசி கிரேடுக்கு முறை வைத்த கதை

அரசாங்கக் கம்பெனி அதிகாரி என்றால் சம்பளம் கொட்டுகிறது என்று எங்கள் உறவில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் போதும், பக்கத்து இலைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்துவிடுவார். லாபமோ நட்டமோ உங்களுக்கென்னங்க, ஒண்ணாந்தேதி ஆனா வந்துருது என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் ரசம் வந்துவிடும். இன்றைக்கு யாரும் ரசம் ஊற்றப் போவதில்லை, அதனால் முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில், அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு அரசு நிறுவனத்தின் தொழிற்சாலையில். குடிநீர்க் குழாய்களுக்கும் ரயில்வேக்கும் வால்வு செய்கிறோம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என் பொறுப்பு. வால்வைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்துப் பார்த்து, ஒரு சொட்டு கசிந்தாலும் திருப்பி அனுப்புவேன். அதனால் வார்ப்படப் பிரிவுக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அது கிடக்கட்டும்.

எங்களைப் போன்ற அதிகாரிகளுக்குச் சம்பளம் இரண்டு துண்டாக வரும். முதல் துண்டு மாதச் சம்பளம். அதை டெல்லியில் ஒரு கமிட்டி பல வருடங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து, எந்தக் கம்பெனி பெரியது, எது சின்னது என்று வகை பிரித்துத் தீர்மானிக்கும். இரண்டாவது துண்டில்தான் வில்லங்கம். அதற்குத் திறன் ஊதியம் என்று பெயர், வருடத்துக்கு ஒரு தடவை வரும். கம்பெனிக்கு லாபம் இருக்க வேண்டும். அமைச்சகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் கம்பெனி நல்ல மார்க் வாங்கியிருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலை வாங்கியிருக்க வேண்டும். கடைசியாக நானும் வாங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்குவார்கள், எங்கேயாவது ஒரு பூஜ்யம் விழுந்தால் மொத்தமும் பூஜ்யம்.

அந்த ஒப்பந்தம் இருக்கிறதே, அது ஒரு தனிக் கூத்து. இந்த வருடம் இவ்வளவு செய்வோம் என்று கம்பெனி சொல்ல, போதாது என்று அமைச்சகம் சொல்ல, மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி பேசுவார்கள். டார்கெட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டால் சுலபமாகத் தாண்டலாம். தாண்டினால் மேலே இருக்கிறவர்களுக்கு முழு மார்க். என் வீட்டுக்காரர் இங்கே கணபதிப் பகுதியில் மோட்டார் உதிரிபாகப் பட்டறை வைத்திருந்தவர். இதைக் கேட்டுவிட்டு, தன் பட்டறையில் யாருக்கு எவ்வளவு என்று ஆளைப் பார்த்ததுமே தனக்குத் தெரியும் என்றும், எங்கள் கம்பெனியில் ஆளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் என்றும் சொல்வார். பட்டறை மூடிப்போன பிறகும் அந்த வாய் மட்டும் மூடவில்லை.

ஆளைப் பார்க்கிற விதி ஒன்று உண்டு. பத்து அதிகாரிகளில் ஒருவர் கண்டிப்பாகக் கடைசி கிரேடில் இருக்க வேண்டும். பத்துப் பேரும் தங்கமாக வேலை செய்தாலும் ஒருவரைக் கீழே தள்ளித்தான் ஆக வேண்டும். அவருக்கு அந்த வருடம் திறன் ஊதியம் கிடையாது. எங்கள் தொழிற்சாலையில் தலைவருக்குக் கீழே அதிகாரிகள் சரியாகப் பத்துப் பேர். விதி வந்த முதல் வருடம் எங்கள் தலைவர் எல்லோரையும் கூட்டிவைத்து, யாரைத் தள்ளலாம் என்று கேட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரை முகத்துக்கு நேரே மோசம் என்று சொல்லிவிடுவார்களா? எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டுப் பழகிய நாக்கு, அந்தப் பக்கம் வளையவே வளையாது. எல்லோரும் மின்விசிறியையும் மேசையையும் பார்த்தோம்.

கடைசியில் தலைவரே வழி சொன்னார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். கூட்டுக் கிணற்றில் பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம் இல்லையா, அதே மாதிரி இதற்கும் முறை வைத்துக்கொள்ளலாமே என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. பத்துப் பேரும் தோட்டம் காடு உள்ள குடும்பத்திலிருந்து வந்தவர்கள், கிணற்று முறை தெரியாதவர் ஒருவரும் இல்லை. சீனியாரிட்டி வரிசைப்படி வருடத்துக்கு ஒருவர் கடைசி கிரேடை எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். எதையும் எழுதவில்லை, கிணற்று முறையை யார் எழுதி வைக்கிறார்கள்? அந்த வருடம் முறைக்காரர் யாரோ, அவரையும் குடும்பத்தையும் மற்ற ஒன்பது பேரும் காந்திபுரத்தில் நல்ல ஓட்டலாகப் பார்த்துச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவோம். பிள்ளைகளெல்லாம் ஐஸ்கிரீம் சாப்பிடும். கடைசி கிரேடு வாங்கியவர் பில்லைப் பார்க்கக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

இது ஏமாற்று வேலை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விதிதான் ஏமாற்று, அதை நாங்கள் நாயமாக்கிக்கொண்டோம் என்று பெருமையாக இருந்தது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கடைசி கிரேடு வாங்குகிறவர் அடுத்த வருடமே நல்ல கிரேடுக்கு ஏறிவிடுகிறார் அல்லவா? இதைத் தலைமை அலுவலகம் கவனித்தது. கோயம்புத்தூர்த் தொழிற்சாலையில் தட்டிக்கொடுத்து ஆளைத் திருத்துகிறார்கள் என்று சுற்றறிக்கை போட்டுப் பாராட்டினார்கள். எங்கள் தலைவருக்கு அதற்கென்றே தனி மார்க் கிடைத்தது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எங்கள் ஆட்கள் மாற்றலாகிப் போன இடங்களுக்கும் முறையைக் கொண்டுபோனார்கள். ஈரோட்டில் இருக்கிற எங்கள் கிடங்கில்கூட முறை வந்துவிட்டது.

எனக்கு முந்தின முறை கொள்முதல் அதிகாரியுடையது. என்னைவிட மூத்தவர், தென்னந்தோப்புக்காரர், வாயைத் திறந்தால் தேன். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் முறை வந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் கல்யாணப் பத்திரிகை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் என்று முறைப்படி வைத்தார்கள். அவர் மனைவி என் நெற்றியில் குங்குமம் வைத்தார். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்.

"அம்மணி, இந்த வருசம் என்ற முறைங்க. கல்யாணத்த வெச்சுகிட்டு முழி பிதுங்குது. இத நீங்க எடுத்துகிட்டீங்கன்னா அடுத்த வருசம் உங்க முறைய நான் எடுத்துக்கறனுங்க."

பத்திரிகை வைக்க வந்தவரிடம், நெற்றிக் குங்குமம் காய்வதற்கு முன்னால், முடியாது என்று சொல்கிற பொம்பளை எங்கள் ஊரில் பிறந்திருக்கிறாளா, காட்டுங்கள் பார்க்கலாம். கிணற்று முறையிலும் இது உண்டு. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் பங்காளி தன் தண்ணீரை விட்டுக்கொடுப்பான், அடுத்த தடவை திருப்பி வாங்கிக்கொள்வான். செரிங்ணா என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் என் வீட்டுக்காரர், வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாய் என்றார். உங்களுக்கு யாரையும் நம்பத் தெரியாது என்று நான் அவர்மேல் பாய்ந்தேன்.

அந்த வருடம் கடைசி கிரேடு எனக்கு வந்தது. காந்திபுரத்தில் சாப்பாடும் வந்தது. கல்யாணமும் நன்றாக நடந்தது.

அடுத்த வருடம் கிரேடு வெளியான காலையில் நான் எந்தக் கவலையும் இல்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன். என் பெயருக்கு எதிரே மறுபடியும் கடைசி கிரேடு. வேறு யாருடைய பக்கமோ என்று நினைத்து இரண்டு மூன்று முறை மூடித் திறந்தேன். பிறகு நேராகத் தலைவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினதாக நினைவில்லை. அவர் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. கொள்முதல் அதிகாரி பதவி உயர்வு நேர்காணலுக்குப் போகிறார், இந்த நேரத்தில் அவருக்குக் கடைசி கிரேடு போட்டால் அதோடு போச்சு, அதனால்தான் இப்படி என்று விளக்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்ல மாட்டீங்கன்னு தெரியுமுங்க" என்றார்.

அப்போது நான் போட்ட சத்தத்தில் வெளியே தட்டச்சு சத்தம் நின்றுபோனது. இரண்டு தடவை மிதிக்க நான் என்ன வாசல் மிதியடியா என்று கேட்டேன். மேல்முறையீடு செய்வேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை, டீ சொன்னார். செய்யலாமுங்க, ஆனால் ஃபைல் மேலே போனால் முறை வைத்தது வெளியே வரும், பத்துக் குடும்பமும் சிக்கும், ஒரு வருசம் பொறுத்துக்குங்க, அடுத்த வருசம் உங்களுக்கு முதல் கிரேடு என்றார். கும்பிடு போட்டே கழுத்தறுக்கிறது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் விளங்கியது. பொறுத்துக்கொண்டேன். அந்த வருடம் காந்திபுரம் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

கொள்முதல் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தலைவர் தலைமை அலுவலகத்துக்கு டைரக்டராகப் போனார். காலியான நாற்காலியில் கொள்முதல் அதிகாரியே எங்கள் தலைவராக உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டோடு ஒரு புதுச் சுற்றறிக்கை வந்தது. தொடர்ந்து இரண்டு வருடம் கடைசி கிரேடு வாங்கிய அதிகாரிகளை ஒரு குழு நேரில் விசாரிக்கும், தேறமாட்டார் என்று தோன்றினால் கட்டாய ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பும். எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒரே ஒரு ஆள்தான். நான்.

எங்கள் வீட்டில் வருமானம் என்றால் நான் ஒருத்திதான். பட்டறை போய்விட்டது, வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, மகள் கல்லூரியில் பாதிப் படிப்பில் இருக்கிறாள். அதைவிட, வேலை தெரியாதவள் என்று முத்திரை குத்தி அனுப்புவார்களே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிந்தது. கசிகிற வால்வு ஒன்றைக்கூட நான் வெளியே விட்டதில்லை. என்னைப் போய்க் கழிக்கிறார்களாம்.

புதுத் தலைவர் என் அறைக்கு அவரே வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முகம் வாடித்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். மேலே நடப்பதை அவர் சொன்னார். இந்த வருட ஒப்பந்தத்தில் டைரக்டருக்கே புதிதாக ஒரு டார்கெட் வந்திருக்கிறதாம். தேறாத அதிகாரிகள் இத்தனை பேரைக் கழித்துக் காட்ட வேண்டும், காட்டினால் மார்க். அந்த மார்க் அவர் திறன் ஊதியத்தில் சேரும். எண்ணிக்கையில் இன்னும் ஒரு ஆள் குறைகிறது. முறை வைத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்ன மனிதருக்கு, அந்த முறையில் மாட்டியவளை அனுப்பினால் ஊதியம் கூடுகிறது.

குழு முன்னால் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். சொன்னால் எல்லோரும் வாங்கிய ஊதியத்தையும் திருப்பிக் கேட்பார்கள், விஜிலென்ஸ் வரும், தன் பதவியும் போகும் என்றார். எதற்கும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளச் சொன்னார். அன்று மத்தியானம் கேன்டீனில் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து என் எதிரே உட்கார்ந்து எழுந்தார்கள். யாரும் மிரட்டவில்லை. ஒருவர் தன் மகனுக்குப் பெண் பார்ப்பதைச் சொன்னார், இன்னொருவர் தன் அம்மாவுக்கு நடந்த ஆபரேஷனைச் சொன்னார். எல்லோரும் நான் நன்றாக வேலை செய்கிறவள் என்று குழுவிடம் சொல்வதாகச் சத்தியம் செய்தார்கள். முறையைப் பற்றி மட்டும் வாய் திறக்க வேண்டாமாம். என் சாம்பார் சாதம் ஆறிப்போய்விட்டது. உங்கள் வீட்டுக் கதையெல்லாம் கேட்டுவிட்டேன், என் வீட்டுக் கதையை யாராவது கேட்டீர்களா என்று சத்தமாகவே கேட்டேன். கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

குழு வந்தது. எங்கள் கூட்ட அறையில் மூன்று பேர். நடுவில் தலைமை அலுவலகத்தின் மனிதவளத் தலைவர், சென்னைக்காரர், அவர்தான் கேள்வி கேட்டார். மற்ற இருவரும் குறிப்பெடுத்தார்கள். மேசையின் ஓரத்தில் எங்கள் புதுத் தலைவர் உட்கார்ந்திருந்தார், என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் அவர்தான். இரண்டு வருடமாகக் கடைசி கிரேடு வாங்கியும் ஏன் மேல்முறையீடு செய்யவில்லை என்பது முதல் கேள்வி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விதி வந்த நாளில் ஆரம்பித்து, கிணற்று முறை, காந்திபுரம் சாப்பாடு, கல்யாணப் பத்திரிகை, ஒன்றையும் விடவில்லை. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, இதற்கு என்ன ஆதாரம் என்றார். இதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். விதி வந்ததிலிருந்து எங்கள் தொழிற்சாலையின் கிரேடுகளை எடுத்துப் பாருங்கள், சீனியாரிட்டி வரிசையிலேயே கடைசி கிரேடு இறங்கி வருகிறது, எங்கள் புதுத் தலைவர் ஒருவரை மட்டும் தாண்டியிருக்கிறது, என்னைத் தவிர ஒருவரும் இரண்டு தடவை வாங்கவில்லை, இது எங்கேயாவது தானாக நடக்குமா என்று கேட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். நிதானமாகப் புரட்டினார். நம்பிவிட்டார் என்று எனக்கு உயிர் வந்தது.

"ஆமா மேடம்" என்றார். "கீழே போனவங்க எல்லாரும் அடுத்த வருஷமே திருந்தி மேலே வந்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வரலை."

நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோமே அந்தப் பாராட்டுச் சுற்றறிக்கை, அது அப்படியே என் கழுத்தில் விழுந்திருந்தது. கீழே போன மற்றவர்கள் திருந்தினவர்கள், திருந்தாதவள் நான். அவர் எங்கள் தலைவர் பக்கம் திரும்பி, இந்த அம்மா சொல்கிற மாதிரி முறை ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

எங்கள் தலைவர் தொண்டையைச் செருமினார். அம்மணியின் வேலையில் குற்றம் சொல்ல முடியாதுங்க என்றார். கிரேடு போட்டது முந்தின தலைவர், இப்போது டைரக்டர், அதைப் பற்றித் தான் பேசுவது நன்றாக இருக்காதுங்க என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குழுவை மறந்து அவர் பக்கம் திரும்பிவிட்டேன்.

"ஏனுங்ணா, எங்க ஊட்டு வாசல்ல நின்னு கேட்டது நீங்கதானுங்களே? என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மனிதவளத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் மாதிரி தெரியவில்லை, களைத்த மனிதர். நான் சொல்வதை எழுதினால் பத்துப் பேர் வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்க வேண்டும், டைரக்டர் வரைக்கும் போகும், எழுதாவிட்டால் என் ஒருத்தியோடு முடியும், இதில் தான் என்ன செய்வது என்று என்னையே கேட்டார். எழுதுங்க சார் என்றேன். நானும் வாங்கியிருக்கிறேன், என்னிடமும் திருப்பிக் கேளுங்கள், ஆனால் எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. நீங்கள் போகலாம் என்றார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. தினம் காலையில் தொழிற்சாலை வாசலில் விரலை வைக்கிற மெஷின் முன்னால் நிற்கும்போது ஒரே நினைப்புதான். ஆளை நீக்கிவிட்டால் முதலில் அந்த மெஷினுக்குத்தான் தெரியும், விரலை ஏற்றுக்கொள்ளாது. பச்சை விளக்கு எரிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சில நாள் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிவப்பு எரியும். செத்துப் பிழைப்பேன். கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர் ஓணான் கதையை மறுபடி எடுக்கவே இல்லை. அவர் கிண்டல் செய்யாமல் இருந்ததுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. மகள் ஃபோனில் கேட்டால் எல்லாம் நல்லாயிருக்கு சாமி என்று சொல்லிவிட்டு வைப்பேன்.

உத்தரவு ஒரு மத்தியானம் வந்தது. பரிசோதனை மேடையில் இருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கேயே நின்று உறையைப் பிரித்தேன். பணியில் தொடரலாம் என்று இருந்தது. வேறு ஒரு விளக்கமும் இல்லை. முறையைப் பற்றி ஒரு வரி இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்து, வீட்டுக்கு ஃபோன் செய்து, கேன்டீனில் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் ஜெயிக்கும் என்று எனக்குள் ஒரு திமிர்கூட வந்தது.

சாயங்காலம் தலைவர் வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு. நல்லதே நடந்ததுங்க அம்மணி என்றார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குழு முன்னால என்னால வாய் தொறக்க முடியலீங்க. ஆனா டைரக்டர் கிட்ட ஃபோன்ல சொல்லிப்போட்டேன். எண்ணிக்கைக்கு ஒரு ஆளுதானுங்களே வேணும். ஈரோட்டுக் கிடங்குல ஒருத்தர் ரெண்டு வருசம் வாங்கியிருக்காரு, அவர முதல்ல பாருங்கன்னு சொன்னனுங்க. உங்க முறைய நான் தீத்துட்டேன் அம்மணி."

கடன் தீர்த்த மனுஷனின் நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அந்த ஈரோட்டுக்காரர் யார் என்று கேட்டேன். தனக்கும் பழக்கமில்லை, கணக்கில் பார்த்ததுதான் என்றார். அவர் போன பிறகு ஈரோட்டுக் கிடங்கில் இருக்கிற என் சிநேகிதிக்கு ஃபோன் செய்தேன். அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆமாம், இன்றைக்குத்தான் அந்த மனுஷனுக்குக் கட்டாய ஓய்வு உத்தரவு வந்தது, மேசையைக் காலி செய்துகொண்டிருக்கிறார் என்றாள். வேலை எப்படி என்று கேட்டேன். சரக்குக் கணக்கில் அவரை மாதிரி ஒழுங்கானவர் அங்கே கிடையாது என்றாள்.

உங்கள் கிடங்கிலும்தான் முறை இருக்கிறதே, அப்புறம் எப்படி அவருக்கு இரண்டு வருடம் சேர்ந்தாற்போல வந்தது, அவர் யாருடைய முறையை வாங்கிக்கொண்டார் என்று கேட்டேன். யாருடையதையும் இல்லை என்றாள் அவள். அவருக்கு முறை என்று ஒன்று இருப்பதே தெரியாதாம். கடைசி கிரேடு வந்தபோதெல்லாம் தன் வேலையில்தான் ஏதோ குறை என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமையும் கிடங்குக்கு வந்து உட்கார்ந்திருந்தாராம். அவர் வந்து சேர்ந்த பிறகு மற்றவர்கள் யாருக்கும் முறை வரவே இல்லை.

அவரை ஏன் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்று நான் கத்தினேன்.

"அவரு ஊருக்கு வெளிய காலனியிலிருந்து படிச்சு வந்தவரு புள்ள" என்றாள். "எங்க மேல கத்துறியே, உங்க பத்துப் பேருல அவரு ஒருத்தரா இருந்திருந்தா நீ கூப்பிட்டிருப்பியா?"

கூப்பிட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். காந்திபுரத்து ஓட்டல் மேசையைச் சுற்றி உட்கார்ந்த எங்கள் குடும்பங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வாய் வரவில்லை. எனக்காக அத்தனை பேர் முன்னாலும் கத்தின வாய்தான் அது. ஃபோனை வைத்துவிட்டேன். அந்த மனுஷன் போய்விட்டார். நான் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.